கர்லிங்கில் எப்படிப் பெருக்குவது: அழுத்தமா, வேகமா, திசையா?

குளிர்கால ஒலிம்பிக் வந்தால் கர்லிங் காணொளிகள் நம் வாட்ஸாப் குழுக்களுக்கும் வந்துவிடும். ஒருவர் ஒரு கனத்த கல்லைத் தள்ளிவிடுகிறார், இரண்டு பேர் அதற்கு முன்னால் பனித்தளத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்கிறார்கள். "எங்கள் வீட்டில் தினமும் இதுதான், பதக்கம்தான் யாரும் தரவில்லை" என்று யாராவது எழுதுவார்கள். கேலி இருக்கட்டும். அந்தத் தேய்ப்பில் மூன்று வழிகள் இருக்கின்றன: உடல் எடையைப் போட்டு அழுத்துவது, கையை வேகமாக ஓட்டுவது, ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்த்துக் கல்லின் பாதையைத் திருப்புவது. மூன்றையும் ஒரே நேரத்தில் முழுதாகச் செய்ய முடியாது. எதற்கு முதலிடம் என்பதில் பயிற்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

கனடாவிலோ ஸ்காட்லாந்திலோ ஒரு கிளப்பின் வார லீக்கில் புதிதாக இறங்கும் நான்கு பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களுக்குப் பயிற்சி நேரம் குறைவு, உடல் வலு சுமார், ஆர்வம் அதிகம். அவர்கள் முதல் பருவத்தை எதில் செலவழிப்பது? என் பதில் அழுத்தம். ஆனால் அதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று பெரியது.

முதலில் கல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கர்லிங் தளம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பானது அல்ல. ஆட்டத்துக்கு முன்னால் அதன் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிடுவார்கள். தளம் முழுக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள் உண்டாகும். இதற்குப் பெப்பிள் என்று பெயர். கல்லின் அடிப்பக்கமோ குழிவானது. தளத்தைத் தொடுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டும்தான். அந்த வளையம் புடைப்புகளின் உச்சியை உரசியபடி சறுக்குகிறது. உராய்வுக் கெழு 0.01 என்ற அளவில் இருக்கும். அவ்வளவு குறைவு என்பதால்தான் அதில் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது.

எவ்வளவு பெரிதாக? தளத்தின் இரு முனைப் பக்கமும் குறுக்காக ஹாக் கோடு என்று ஒன்று உண்டு. கல்லைத் தன் பக்கத்து ஹாக் கோட்டைத் தொடுவதற்குள் கையிலிருந்து விட்டுவிட வேண்டும். அங்கிருந்து எதிர்முனையில் இலக்காக வரைந்திருக்கும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு 28.35 மீட்டர். நடுவில் போய் நிற்க வேண்டிய ஒரு கல், புறப்படும்போது நொடிக்கு சுமார் 2 மீட்டர் வேகத்தில் போகும். எதிர்முனை ஹாக் கோட்டைக் கடக்கும்போது அந்த வேகம் கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும். நிற்பதற்கு மொத்தம் 25 நொடி வாக்கில் ஆகும். 19 கிலோ கல்தான், ஆனால் இந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 40 ஜூல்கூட இல்லை. வழி நெடுக உராய்வைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே கல் ஏறக்குறைய 3 மீட்டர் கூடுதலாகப் போகும். இலக்கு வட்டத்தின் முழு விட்டமே 3.66 மீட்டர். அதாவது வட்டத்தின் முன்விளிம்பில் நின்றிருக்க வேண்டிய கல்லைப் பெருக்கியே பின்பக்கம் வரை கொண்டுபோக முடியும்.

அழுத்தமும் வேகமும்

பெருக்கினால் பனி சூடாகிறது. உருகி வெள்ளமாக ஓடுவதில்லை. மேற்பரப்பின் வெப்பநிலை கொஞ்சம் ஏறுகிறது, அது போதும் உராய்வு குறைய. 2006 வாக்கில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜேன் பிளாக்ஃபோர்டு, பிரெட் மார்மோ முதலானோர் இந்த வெப்பத்தைத்தான் ஆராய்ந்தார்கள். பிரஷ்ஷில் உணரிகளைப் பொருத்தி, வீரர் எவ்வளவு அழுத்துகிறார், எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறார் என்று தனித்தனியாக அளந்தார்கள். அதுவரை பயிற்சியாளரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த விஷயம் எண்ணாக மாறியது.

வெப்பம் உண்டாகும் வீதம் அழுத்த விசை, தேய்க்கும் வேகம் இரண்டின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் சமம்: அழுத்தத்தை இரட்டித்தாலும் சரி, வேகத்தை இரட்டித்தாலும் சரி, வெப்பம் இரட்டிக்கும். உடம்புக்கு மட்டும் இரண்டும் சமமில்லை. அழுத்தத்தின் பெரும்பகுதி உடல் எடையிலிருந்து வருகிறது. இடுப்பை உயர்த்தி, பாதத்தின் முன்பகுதியில் நின்று, மார்பைப் பிரஷ் தண்டுக்கு மேலே கொண்டுவந்து சாய்ந்தால் புவியீர்ப்பே வேலையில் பாதியைச் செய்துவிடும். வேகம் முழுக்க முழுக்கத் தசையின் செலவு. தோளும் முன்கையும் பத்துப் பன்னிரண்டு நொடியில் தளரத் தொடங்கும், கடைசி நொடிகளில்தான் கல்லுக்கு உதவி அதிகம் தேவைப்படும்.

ஒரு ஆட்டத்தின் மொத்தச் சுமையையும் கணக்கில் எடுங்கள். நால்வர் குழுவில் ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இரண்டு கல். முதலில் வீசும் லீட் தன் கற்களைத் தவிர மற்ற ஆறு கற்களுக்கும் பெருக்க வேண்டும். இரண்டாவதாக வீசுபவருக்கும் அதே ஆறு. பத்துச் சுற்று ஆட்டத்தில் 60 கல். எல்லாவற்றையும் முழுதாகப் பெருக்க வேண்டியிருக்காது, ஆனாலும் எட்டாவது சுற்றில் யார் கையில் வேகம் மிச்சமிருக்கும்? சாய்ந்து அழுத்தப் பழகியவரின் அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் குறையாது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிராட் ஜேக்கப்ஸின் கனடா அணி உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த உடம்புக்குப் பேர் போனது. 'கர்லிங் தொப்பைக்காரர்களின் விளையாட்டு' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் வாயை மூடினார்கள்.

அப்படியானால் வேகத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது, கல் வேகமாகப் போகும் தொடக்கப் பகுதியில். நொடிக்கு நான்கு முறை பிரஷ் போய் வருகிறது என்று வையுங்கள். ஒருமுறை போய்வரும்போது கல்லின் பாதையை இருமுறை கடக்கும். கல் நொடிக்கு 2 மீட்டர் போனால் ஒரு கடப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 25 செ.மீ. பிரஷ் தலையின் அகலம் அதைவிடக் குறைவு. ஆக, தொடப்படாத பனித்துண்டுகள் நடுநடுவே விட்டுப்போகின்றன. அங்கே மெதுவாக அழுத்தித் தேய்ப்பவர் தேய்த்த இடத்தை நன்றாகச் சூடாக்குகிறார், ஆனால் பாதி இடத்தைத் தேய்ப்பதே இல்லை. அதே கல் அரை மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டால் கடப்புக்கு 6 செ.மீ.தான், ஒவ்வொரு இடமும் பலமுறை தேய்படும். அப்போது மேலும் வேகம் கூட்டுவதைவிட மேலும் சாய்வது லாபம்.

வேகம் போதாதவர்களுக்கு மலிவான ஒரு வழி இருக்கிறது: தேய்க்கும் நீளத்தைக் குறைப்பது. கல்லின் அடி வளையத்தின் விட்டம் 13 செ.மீ. வாக்கில்தான். அதைத் தாண்டித் தேய்க்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் வீண். புதியவர்கள் முற்றம் பெருக்குவதுபோல இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வீசுவார்கள். நீளத்தைச் சுருக்கினால் கை அதே வேகத்தில் போனாலும் கடப்புகளின் எண்ணிக்கை கூடும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும், வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் பலன் தராது.

முதல் விதிவிலக்கு எடை குறைந்தவர்கள். 50 கிலோ உள்ளவர் என்னதான் நேர்த்தியாகச் சாய்ந்தாலும் 90 கிலோக்காரரின் அழுத்தம் வராது. அவர் வேகத்தில் ஈடுகட்டலாம். இருவரில் யார் எங்கே நிற்பது என்பதும் ஒரு தேர்வுதான். தேய்த்த சூடு நொடிக்குள் ஆறத் தொடங்குவதால் கல்லுக்கு மிக அருகில் தேய்ப்பவரின் உழைப்புதான் அதிகம் மிஞ்சும். ஆகவே நன்றாக அழுத்துபவர் கல்லை ஒட்டி, வேகமானவர் அவருக்கு முன்னால். பல கிளப்புகளில் இதை யோசிக்காமல், யார் எந்தப் பக்கம் பழகினாரோ அந்தப் பக்கம் நின்றுவிடுகிறார்கள்.

கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீசுவதற்காக ஒரு காலணியில் வழுக்கும் அடிப்பாகம் இருக்கும். அதோடு சாய்ந்து அழுத்தினால் கால் எப்போது வேண்டுமானாலும் போகும். பெருக்கும்போது அதன் மேல் ரப்பர் கிரிப்பரை மாட்டிவிடுங்கள். இரண்டு காலும் பிடித்து நின்றால்தான் எடை முழுதாகப் பிரஷ்ஷுக்குப் போகும், பின்மண்டை அடிபடும் ஆபத்தும் குறையும். கர்லிங் வீரர்கள் சொல்லும் வலிகளில் முழங்கால் முதலிடத்தில் இருக்கிறது, பிறகு முதுகு, அப்புறம் தோள். அழுத்திப் பெருக்குவது முதுகையும் தோளையும் கேட்கும். ஏற்கெனவே தோள் பிரச்சினை உள்ளவர் அழுத்தப் பயிற்சியை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.

திசை என்கிற மூன்றாவது வழி

இங்கேதான் விவகாரம் சூடு பிடிக்கிறது. சுழன்றபடி போகும் கல் ஒரு பக்கமாக வளையும். கடிகாரச் சுற்றில் சுழன்றால் வலப்பக்கம், எதிர்ச்சுற்றில் சுழன்றால் இடப்பக்கம். வினோதம் என்னவென்றால், ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மேசையில் சுழற்றித் தள்ளினால் அது நேர் எதிர்ப்பக்கம் வளையும். கல் ஏன் இப்படி வளைகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் ஒரு விளக்கம் சொன்னார்கள்: வளையத்தின் முன்பகுதி பனியில் நுண்ணிய கீறல்களை விடுகிறது, கல் சுழல்வதால் அவை சாய்வாக விழுகின்றன, பின்பகுதி அவற்றின் மேல் ஏறும்போது அந்தச் சாய்வின் பக்கம் இழுக்கப்படுகிறது. 2022-இல் ஜப்பானின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிரோ முராட்டா, கற்களின் நகர்வைப் படமெடுத்துத் துல்லியமாக அளந்து, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உராய்வு வேறுபடுவதும், கல் ஆங்காங்கே ஒரு புள்ளியில் சிக்கி அதைச் சுற்றித் திரும்புவதும்தான் காரணம் என்றார். கனடாவின் மார்க் ஷெகெல்ஸ்கி போன்றவர்களின் விளக்கங்கள் இன்னும் வேறு.

விளக்கம் எதுவானாலும் வீரர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: கல் தன் கீறலைத் தொடருமென்றால், பிரஷ் போடும் கீறலையும் தொடரலாம். 2015 இலையுதிர் காலத்தில் சில புதிய பிரஷ் தலைகளின் துணி பனியைச் சொரசொரப்பாகக் கீறியது. ஒரே ஒருவர், ஒரே கோணத்தில் தேய்த்து, கல்லை விரும்பிய பக்கம் தள்ள முடிந்தது. வீசியவரின் பிழையைப் பெருக்குபவர் அழித்துவிடலாம் என்றால் வீசும் திறமைக்கு என்ன மதிப்பு? முன்னணி அணிகள் பல ஒன்றுகூடி, அந்தத் தலைகளைப் பயன்படுத்த மாட்டோம் என்று கையெழுத்திட்டன. கனடா ஊடகங்கள் இதற்கு 'புரூம்கேட்' என்று பெயர் வைத்தன. 2016 மே மாதம் ஒன்டாரியோவின் கெம்ப்ட்வில் ஊரில், கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்களும் வீரர்களும் சேர்ந்து பிரஷ்களைச் சோதித்தார்கள். அதன் பிறகு உலகக் கர்லிங் கூட்டமைப்பு போட்டிகளுக்கு ஒரே வகை நைலான் துணியை விதித்தது. இன்று தொலைக்காட்சியில் எல்லா அணியின் பிரஷ் தலையும் ஒரே மஞ்சள் நிறத்தில் தெரிவது அதனால்தான்.

துணி மாறினாலும் உத்தி சாகவில்லை. விளைவு சிறுத்தது, அவ்வளவுதான். இன்றைய மேல்மட்ட ஆட்டத்தைக் கவனித்தால், கல்லின் இரு பக்கமும் ஆள் இருந்தும் ஒருவர் மட்டும் சாய்ந்து தேய்ப்பதும், நடுவழியில் அவர் விலக மற்றவர் தொடங்குவதும் தெரியும். முதல் பாதியில் நேராக வைத்திருக்க ஒருவர், பின் பாதியில் வளையவிட இன்னொருவர். இரண்டாவது பிரஷ்ஷும் இறங்கினால் முதலாமவர் போட்ட கீறல் அழிந்துபோகும், அதனால்தான் ஒருவர் சும்மா வருகிறார்.

திசை உத்தியின் உண்மையான விலை அந்தச் சும்மா வருபவர்தான். ஒரு பிரஷ்ஷை எடுத்துவிட்டால் சூட்டின் பெரும்பங்கு போகிறது. கல் நீளம் போகாது. ஆகவே தேர்வு இப்படி வருகிறது: வீசிய கல்லுக்கு என்ன குறைகிறது, தூரமா, பாதையா? தூரம் குறைந்தால் இருவரும் இறங்கி அழுத்த வேண்டியதுதான், பாதை கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. தூரம் போதும், பாதைதான் தவறு என்றால் ஒருவர் போதும்.

இதைச் சொல்வது சுலபம். தூரத்தைக் கணிப்பவர்கள் கல்லோடு வரும் பெருக்குநர்கள்; பாதையைக் கணிப்பவர் எதிர்முனையில் நிற்கும் அணித்தலைவர், அதாவது ஸ்கிப். முடிவுக்கு வேண்டிய இரண்டு தகவலும் ஏறக்குறைய முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு தலைகளில் இருக்கின்றன. பெருக்குபவர் "லேசாத்தான் இருக்கு" (வேகம் போதாது, தூரம் போகாது என்று பொருள்) என்று கத்த, ஸ்கிப் "வளையட்டும்" என்று கத்த, கல் நடுவில் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பேச்சு ஒத்துவராத குழுவுக்குத் திசை உத்தியால் நன்மையைவிடத் தீமை அதிகம். தவறான பக்கத்திலிருந்து தேய்த்தால் தவறு பெரிதாகத்தானே செய்யும். முதல் பருவத்தில் இதைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்பது இரண்டாவது காரணம். சூடு பற்றிய கணக்கு திடமானது. கீறல் பற்றிய கணக்கு பனிக்குப் பனி, துணிக்குத் துணி மாறுகிறது.

எதிரணிக் கல்லை அடித்து வெளியேற்ற வீசும் வேகக் கல்லுக்கு வேறு கணக்கு. அதற்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. வளையாமல் பிடித்து வைக்கவே பெருக்குவார்கள். அதில் யார் எப்படித் தேய்த்தாலும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

பெருக்காமல் விடுவதும் ஒரு தேர்வு. வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டிய கல் தேவைக்கு மேல் வேகமாக வந்தால் அதைத் தொடவே கூடாது. அப்போதும் பிரஷ்ஷைத் தூக்கிவிடாமல், எடை போடாமல் மேலாகத் துடைத்துக்கொண்டே போவது நல்லது. ஒரு முடி, கையுறையின் ஒரு நூல் கல்லுக்கு அடியில் மாட்டினாலும் கல் சட்டென்று திசை மாறும். இந்தத் துடைப்புக்குச் செலவு ஒன்றுமில்லை.

நான் முதலில் சொன்ன பெரிய விதிவிலக்கு கலப்பு இரட்டையர். 2018 பியோங்சாங்கில் ஒலிம்பிக்கில் சேர்ந்த இந்தப் பிரிவில் அணிக்கு இருவர்தான். எட்டுச் சுற்று, சுற்றுக்கு அணி ஐந்து கல் வீசும், ஒன்று முன்பே வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் வீச, மற்றவர் பெரும்பாலும் எதிர்முனையில் நின்று பாதை பார்க்கிறார் அல்லது பெருக்குகிறார். வீசியவர் எழுந்து ஓடிவந்து தானே பெருக்குவதையும் பார்க்கலாம். இங்கே இரண்டாவது பிரஷ் முதலிலிருந்தே இல்லை, அதனால் திசை உத்திக்குக் கொடுக்க வேண்டிய விலையும் இல்லை. கலப்பு இரட்டையர் மட்டும் ஆடப்போகிறவர்கள் அழுத்தத்தோடு திசையையும் சீக்கிரமே பழகலாம். தூரத்தை மட்டும் வீச்சிலேயே சரியாகக் கொடுத்துவிட வேண்டும். பிரஷ்ஷை நம்பாமல் தூரத்தைக் கணிப்பது எப்படி என்று பார்க்க விரும்பினால் சக்கர நாற்காலிக் கர்லிங்கைப் பாருங்கள். 2006 டூரின் பாராலிம்பிக்கில் சேர்ந்த அந்தப் பிரிவில் பெருக்குவதே கிடையாது. கல் கையை விட்டால் விட்டதுதான்.

கடைசியாக, உங்கள் கிளப் பனியில் எது எடுபடும் என்று நீங்களே சோதிக்கலாம். வேண்டியது ஒரு நிறுத்துக் கடிகாரம். வீசும் முனையில் வட்டத்தின் பின்விளிம்பை ஒட்டிய பின்கோட்டிலிருந்து அருகிலுள்ள ஹாக் கோட்டுக்குக் கல் வர எடுக்கும் நேரத்தை அளங்கள். நடுவில் நிற்கும் கல்லுக்கு அது பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நான்கு நொடிக்குள் இருக்கும். ஒரே நேரம் காட்டிய கற்களை மட்டும் ஒப்பிடுங்கள்: பெருக்காதது, அழுத்திப் பெருக்கியது, வேகமாகப் பெருக்கியது. எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கல் போதாது, ஏனென்றால் விடும் கணத்தில் கை கொடுக்கும் சிறு உந்தல் கடிகாரத்துக்குப் பிடிபடாது. ஆட்டம் போகப் போகப் பெப்பிள் தேய்ந்து பனியின் குணமே மாறிவிடும். அதனால் மூன்று வகையையும் மாற்றி மாற்றி, ஒரே சுழற்சியில், ஒரே பாதையில் வீசிப் பாருங்கள்.